லோயர் ஆர்ம் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட்டை வீட்டு வாசலிலேயே செய்யலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவு: 2012ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட். முன்பக்கத்தின் இரண்டு ஷாக் அப்சார்பர், இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு பிணைக்கும் கை), இரண்டு டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனை) எல்லாவற்றையும் இரண்டு விடுமுறை நாட்களில் தாமே மாற்றிவிட்டார். இப்போது வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அலைன்மென்ட் இயந்திரம் உள்ள கடை 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. வண்டியின் இருபுறமும் நூல் கட்டி, அதிலிருந்து சக்கரங்களின் விலகலை அளந்து வீட்டிலேயே அலைன்மென்ட் செய்யலாம் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடைக்குப் போய்ச் சேரும்வரை டயரைக் காப்பாற்ற முடியுமா என்பது ஒன்று. கடைக்கே போகாமல் இருந்துவிடலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தயக்கமின்றி ஆம் என்பேன். இரண்டாவதற்கும் உங்கள் வண்டியைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆம்தான். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விளக்கத்தான் கீழே இவ்வளவு நீளம்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து 25 ஆண்டுகளுக்கு மேல் பட்டறையில் இருக்கிறேன். நான் தொழில் கற்ற பட்டறையில் கேமரா வைத்த இயந்திரம் கிடையாது. இரு முனையிலும் ஆணி வைத்த ஓர் இரும்புக் குழாயும் ஒரு ஸ்கேலும்தான் அலைன்மென்ட் கருவி. அதை வைத்துச் செய்த வண்டிகளும் டயரைத் தின்னாமல் ஓடின. ஆகவே இயந்திரம் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அதேபோல, நூல் கட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்கிறவர்களையும் நம்புவதில்லை.

அலைன்மென்ட் என்பது ஒரே அளவு அல்ல, மூன்று கோணங்கள். மேலிருந்து பார்க்கும்போது இரு முன் சக்கரங்களும் முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் ஸ்விஃப்ட்டில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்; பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விட்டம். இந்த அமைப்புள்ள சிறிய கார்களில் ஸ்பேனர் வைத்துத் திருத்தத் தயாரிப்பாளர் இடம் விட்டிருப்பது முன் டோ ஒன்றை மட்டுமே. கேம்பரும் காஸ்டரும் உதிரிபாகங்களின் வடிவத்திலேயே அமைந்துவிட்டவை. கடையில் அச்சடித்துத் தரும் தாளில் பன்னிரண்டு எண்கள் இருந்தாலும், அங்கே இருப்பவர் திருகுவது அதே இரண்டு டை ராடுகளைத்தான். வீட்டில் செய்யலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அளக்கும் நாடாவை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும். லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் மூட்டுகளின், அதாவது புஷ்களின், போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்கினீர்கள்? வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோது என்றால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புஷ்ஷின் உள் இரும்புக் குழலை போல்ட் கவ்விக்கொள்கிறது. நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் மேலும் கீழும் ஆடுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே அந்த ரப்பர் பாதி முறுக்கப்பட்ட நிலைக்குப் போய்விடும். வண்டி சற்றே உயர்ந்து நிற்கும், நீங்கள் அளக்கும் டோ பொய்யாக வரும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். தொழில் கற்ற முதல் ஆண்டில் நானே இப்படி ஒரு வண்டிக்குச் செய்தேன். மூன்றே மாதத்தில் புதிய புஷ் கிழிந்து வந்தபோது முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கிழிந்த புஷ்ஷை எடுத்து என் கையில் வைத்தார். சரியான முறை: போல்ட்டுகளைத் தளர்த்தி, இரு முன் சக்கரங்களையும் உறுதியான பலகைகளின் மேல் ஏற்றி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு, முன் பம்பரை நாலைந்து முறை அழுத்தி விட்டு, அந்த நிலையில் இறுக்குவது. ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புப் பாகத்தையும் பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். அந்தத் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரைக் கொஞ்சம் மாற்றிவிடும்.

பிறகு மூட்டுகள் தளர்ந்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டினால் டை ராடின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட், பேரிங்கின் ஆட்டம் தெரியும். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஓடும் ஆட்டின் கழுத்தில் மணி கட்டுவது போன்றது. ஒருமுறை ஒரு கடையில் எல்லா எண்களும் பச்சையில் அச்சான தாளுடன் ஒருவர் என்னிடம் வந்தார். டயர் ஒரு பக்கம் வழித்தெடுத்தது போலத் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டை ராடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் பாகமான ராக்கினுள் இருக்கும் உள் பால் ஜாயிண்ட் தளர்ந்து போயிருந்தது. நின்ற வண்டியில் அது தன் இடத்தில் இருந்தது, ஓடும்போது விலகியது. இயந்திரத்துக்கு நின்ற வண்டி மட்டும்தான் தெரியும். கூடவே நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள்; எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய அட்டையில் இருக்கும்.

தரை சமமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். டோ அளப்பதற்கு அது அவ்வளவு முக்கியமில்லை. நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் இருந்தால் போதும், அந்தத் தளம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் கெடுதல் இல்லை. கேம்பர் பார்ப்பதற்குத்தான் மட்டம் வேண்டும். அதற்குக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை ஒருநாள் இரவல் வாங்குங்கள். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இரண்டு சக்கரங்களின் அருகே பிடித்தால், எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்வு என்று தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கத்தில் தகடோ டைல்ஸ் துண்டோ வைத்துச் சமன்செய்துகொள்ளலாம். வாசலில் தண்ணீர் ஓடச் சரிவு கொடுத்துத்தான் நம் வீடுகளில் சிமெண்ட் போடுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி டோவை அளப்பது. நான் பரிந்துரைப்பது நூல் முறையை அல்ல, புள்ளி முறையை. இரு முன் டயர்களின் நடுப் பள்ளத்தை ஒட்டி, முன்புறத்தில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வெள்ளை மையால் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை வண்டிக்கு அடியில் நாடாவை நீட்டி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் டயர் 165/80, 14 அங்குலம் என்றால், வண்டியை ஏறத்தாழ 65 முதல் 70 செ.மீ. முன்னோக்கித் தள்ளினால் அதே புள்ளிகள் அடிவழியாகச் சுற்றி டயரின் பின்புறத்தில் அதே 15 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். அங்கே மறுபடி அளங்கள். பின்புற அளவு பெரிது என்றால் சக்கரங்கள் முன்னால் நெருங்கியிருக்கின்றன, அது டோ-இன். முன்புற அளவு பெரிது என்றால் டோ-அவுட். இதில் உள்ள நயம், முன்னாலும் பின்னாலும் அளப்பது அதே புள்ளியைத்தான் என்பது. ரிம் கோணலாக இருந்தாலும், டயர் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒரே மாதிரி வந்து கழிந்துவிடுகிறது. நூல் முறையில் இப்படிக் கழியாது. கோணல் ரிம்மை அது டோ என்று காட்டிவிடும்.

நாடா தொய்வதும், இருவர் இருவிதமாக இழுப்பதும் இங்கே பெரிய தொல்லை. அதற்கு ஒரு பி.வி.சி. குழாயின் ஒரு முனையில் ஆணி அடித்து, மறுமுனையில் ஸ்கேல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஆணியை ஒரு புள்ளியில் வைத்தால் மறுபுள்ளி ஸ்கேலில் எங்கே விழுகிறது என்பது மட்டும் போதும். நமக்கு வேண்டியது முழுத் தூரம் அல்ல, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம். மூன்று முறை அளங்கள். மூன்றும் 1 மி.மீ.க்குள் ஒத்துவந்தால் நம்பலாம். ஒத்துவராவிட்டால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். இன்னொன்று, வண்டியைத் தள்ளும்போது கடைசி அசைவு எப்போதும் முன்னோக்கியதாக இருக்கட்டும். பின்னால் தள்ளி நிறுத்தினால் மூட்டுகளும் புஷ்களும் எதிர்ப்பக்கம் தளர்ந்து நிற்கும், எண் மாறும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடனும் அளக்கக் கூடாது. தொங்கிய சக்கரம் தரையைத் தொடும்போது உள்ளே இழுபட்டு நிற்கும், சில மீட்டர் உருண்டால்தான் தன் இயல்பான நிலைக்கு விரியும்.

எண்ணைப் புரிந்துகொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டோவைச் சில புத்தகங்கள் மில்லிமீட்டரில் சொல்லும், சில டிகிரியில் சொல்லும். மில்லிமீட்டர் என்றால் எந்த இடத்தில் அளந்த மில்லிமீட்டர் என்று கேட்க வேண்டும். 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது ஏறத்தாழ 9 கலை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்பது பங்கு. மேலே சொன்ன புள்ளி முறையில் இரு அளவுகளுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 55 செ.மீ., ஆகவே அங்கே அதே 1 மி.மீ. என்பது 6 கலைதான். உங்கள் வண்டிக்கு உரிய அளவைச் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். துல்லியம் எதற்கு என்று தோன்றினால் ஒரு கணக்கு: ரிம் விளிம்பில் மொத்தம் 4 மி.மீ. பிசகினால் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 2 மி.மீ. அந்தக் கோணத்தில் ஓடும் டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் 50 கி.மீ. தூரம் டயரைத் தார்ச்சாலையில் வைத்துக் குறுக்காகத் தேய்த்ததற்குச் சமம். அரை மில்லிமீட்டருக்காக அலட்டிக்கொள்ளவும் வேண்டாம், 4 மில்லிமீட்டரைப் போகட்டும் என்று விடவும் வேண்டாம்.

திருத்தும் வேலை இப்படி. டை ராடைத் திரும்பவிடாமல் பூட்டும் லாக் நட்டைத் தளர்த்துங்கள். ராக்கின் ரப்பர் உறையின் சிறிய கிளிப்பையும் தளர்த்துங்கள்; இல்லாவிட்டால் ராடைத் திருகும்போது உறை முறுக்கிக்கொண்டு கிழியும், பிறகு மழைநீர் ராக்குக்குள் போகும். அடுத்து, ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியைப் போல எஞ்சினைக் குறுக்காக வைத்த முன்சக்கர ஓட்ட வண்டிகளில் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். பின்னால் இருந்தால், டை ராடை நீட்டினால் டோ-இன் கூடும், குறுக்கினால் டோ-அவுட் கூடும். மரையின் ஒரு சுற்றுக்கு ராட் ஒன்றேகால் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை நகர்வது வழக்கம். ஸ்டியரிங் ஆர்ம் 13 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், கால் சுற்று திருகினால் ரிம் விளிம்பில் ஏறத்தாழ 1 மி.மீ. மாறும். கால் கால் சுற்றாகப் போங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் திருகுங்கள். ஒவ்வொரு முறையும் உருட்டி, மறுபடி அளங்கள். பொறுமை வேண்டிய வேலை. மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று தொடங்காதீர்கள்.

இப்போது உங்கள் சாய்ந்த ஸ்டியரிங். பலரும் குழம்புவது இங்கேதான். டயரைத் தின்பது மொத்த டோ மட்டுமே. ஸ்டியரிங் சாய்வு கண்ணுக்கு உறுத்தலே தவிர டயருக்குக் கேடு அல்ல. ஏனென்றால் ஒரு சக்கரம் மட்டும் பிசகியிருந்தாலும், ஓட்டுகிறவர் தம்மை அறியாமல் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து அந்தப் பிசகை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறார். ஆகவே முதலில் மொத்த டோவைச் சரிசெய்யுங்கள், பிறகு சாய்வைப் பாருங்கள். சமதளமான, ஆளில்லாத சாலையில் நேராக ஓட்டி, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராக் பின்னால் இருக்கும் வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தால் இடது டை ராடைக் குறுக்கி, வலதை அதே அளவு நீட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரு முழுச் சுற்று திருகினால் ஸ்டியரிங் ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி திரும்பும், அதாவது கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் அளவு. ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் குறைப்பதால் மொத்த டோ மாறாது. முடித்ததும் இரு பக்கமும் வெளியே தெரியும் மரைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் இருபது என்று இருந்தால் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது ராக் நடுநிலையில் இல்லை.

நூல் எங்கே பயன்படும் என்றால், பின் சக்கரங்களைப் பார்ப்பதற்கு. வண்டியின் இருபுறமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டி, இரு நூல்களும் முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் இணையாக இருக்கும்படியும், ஒவ்வொரு அச்சிலும் சக்கர மையத்திலிருந்து இருபுறமும் சம தூரத்தில் இருக்கும்படியும் வைத்தால், பின் ரிம்களின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று படிக்கலாம். முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதால், நான்கு சக்கரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் நூலைக் கட்டிவிடாதீர்கள். இதில் பின் அச்சு பெரிதாக ஒரு பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தால், டார்ஷன் பீம் வளைந்திருக்கலாம் அல்லது அதன் புஷ் போயிருக்கலாம். அதை வீட்டில் திருத்த வழியில்லை.

கேம்பரை ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் படும்படி ஒரு நேரான சட்டத்தை நிறுத்தி, அது செங்குத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளங்கள். 14 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 6.7 மி.மீ. இந்த எண்ணை நான் முழுமையாக நம்புவதில்லை. ஆனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவேன். 3 மி.மீ.க்கு மேல், அதாவது ஏறத்தாழ அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் கூடிய அளவே மறுபக்கம் குறைந்திருந்தால் சப்ஃபிரேம் (லோயர் ஆர்ம்கள் பொருந்தும் அடிச்சட்டம்) ஒரு புறம் நகர்ந்திருக்க வாய்ப்புண்டு. வேலையின்போது அதன் போல்ட்டுகளைத் தளர்த்தினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிசகியிருந்தால் ஸ்ட்ரட் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தின் தலையை வேண்டிய பக்கம் தள்ளிப் பிடித்து இறுக்கினால் துளை இடைவெளி அளவுக்குத் திருத்தம் கிடைக்கும். அதற்கு மேலும் வேறுபட்டால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது. காஸ்டரை வீட்டில் அளக்க முறை உண்டு, ஆனால் அதில் நானே எடுத்த எண்கள் ஒருநாள் போல் மறுநாள் வந்ததில்லை. அதனால் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் வண்டியில் அது 2430 மி.மீ. இரு பக்கமும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே டோவைத் திருகாதீர்கள். டோ பிசகினால் டயர் தேயும், ஸ்டியரிங் நிலைகொள்ளாமல் அலையும், ஆனால் ஒரே பக்கமாக இழுப்பது அரிது. இழுப்புக்குப் பெரும்பாலும் காரணம் டயர், பிடித்துக்கொண்ட பிரேக், அல்லது இருபுறக் கேம்பர், காஸ்டர் வேறுபாடு. முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். ஆனால் ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்தச் சோதனை கூடாது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கை விட்டால் மெல்ல இடப்புறம் ஒதுங்குவது இயல்பு.

புதிய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங் கோண சென்சாரை நம்பி இயங்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, தடம் மாறாமல் பிடித்து ஓட்டும் வசதி ஆகியவை உள்ள வண்டிகளில் டோவைத் திருத்திய பிறகு அந்தச் சென்சாரையும் கேமராவையும் மறுபடி நேர்செய்ய வேண்டியிருக்கலாம். அது நாடாவும் ஸ்கேலும் எட்டாத இடம். பின் சக்கரத்திலும் பல கைகள் கொண்ட சஸ்பென்ஷன் இருந்தால் முன்பக்கத்தை மட்டும் வீட்டில் செய்வதும் அரைவேலை.

உங்கள் 40 கி.மீ. பற்றி: மொத்த டோ கையேட்டு அளவிலிருந்து 2 மி.மீ.க்குள் வந்துவிட்டால் தாராளமாக ஓட்டிச் செல்லலாம். கிளம்பும் முன் லாக் நட் இறுகியிருக்கிறதா, டை ராட் எண்டின் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் போட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் உள்ளங்கையால் முன் டயரின் பட்டைகளைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால் டோ இன்னும் பிசகியிருக்கிறது. கடையில் எதையும் திருகுவதற்கு முன்னால், முதலில் அளந்து தாளை எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். உங்கள் குழாயும் ஸ்கேலும் காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்து, முடிந்தால் இங்கே இரண்டையும் பதியுங்கள். எவ்வளவு ஒத்துவருகிறது என்று பார்க்க எனக்கும் ஆவல்.